வாபஸ் வாங்கிய மனு

நாற்பத்திரண்டு வீட்டாரின் கைரேகை பதிந்த மனுவை வாபஸ் வாங்கியவன் நான்தான்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கக் கோவிந்தப்பாவின் நிலம். பத்து வருஷம் குடியிருந்தவர்களை நிலத்துக்காரர் கிளப்பக் கூடாது என்று சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. அரசியல் சாசனம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அந்தச் சட்டம் சாசனத்துக்கு விரோதம் என்று கோவிந்தப்பா சர்க்கார் மேல் வழக்குப் போட்டார். எங்களையும் அதில் சேர்க்கும்படி நான் மனு எழுதினேன். இன்டர்மீடியட்டைப் பாதியில் விட்டு மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன். சந்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மனுவைக் கொடுத்த மறுவாரம் சர்க்கார் வக்கீல் சுந்தரராமன் மல்லேஸ்வரத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்தார்.

"எதுக்குப்பா தனியா மனு? சர்க்கார் போட்ட சட்டம், சர்க்கார் பார்த்துக்கும். நீங்க நடுவுல வந்தா கேஸ் இழுத்துண்டே போகும். வாபஸ் வாங்கிடு."

கோர்ட் ஆபீசில் நம்பர் போடுமுன் திருப்பி வாங்கிவந்து டிரங்குப் பெட்டியில் போட்டேன்.

விசாரணையன்று ஷிப்டு முடிந்து, சட்டையில் பஞ்சோடு நேராகக் கோர்ட்டுக்குப் போனேன். கோவிந்தப்பாவின் வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு சுந்தரராமன் எழுந்தார். இந்தச் சட்டம் செல்லாது என்பதே சர்க்காரின் கருத்து, ஆதரித்து வாதாடப்போவதில்லை என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சட்டத்துக்கு ஆதரவாகப் பேச வழக்கில் சேர்ந்த வேறு கட்சிக்காரர் யாராவது உண்டா என்று கேட்டார். நான் எழுந்தேன். டவாலி என் தோளை அழுத்தி, "கூத்கோ, கூத்கோ" என்று கன்னடத்தில் அதட்டி உட்கார வைத்தான். நான் கட்சிக்காரன் இல்லை. பத்து நிமிஷத்தில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது.

சுந்தரராமனை வராந்தாவில் மறித்தேன்.

"என்ன சார் இது?"

"நான் பிரமாணம் எடுத்தது சாசனத்துக்கு, முனிகிருஷ்ணா. தப்புன்னு தெரிஞ்ச சட்டத்தை சரின்னு எப்படி நின்னு சொல்றது?"

"சொல்ல வேணாம் சார். தப்புன்னு எப்போ தெரிஞ்சுது?"

அவர் கவுனை மடித்தார். "ஃபைல் வந்தப்பவே."

"காபி குடுத்தீங்களே, அப்பவேவா?"

மடித்த கவுனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க பேசலன்னா போவுது. எங்கள பேச விட்டிருக்கலாமே."

"பேசினாலும் தோத்திருப்பேள்."

"அதை ஜட்ஜு சொல்லணும் சார்."

சந்து முனையில் லட்சுமம்மா விளக்குமாறோடு நின்றிருந்தாள். முனிசிபாலிட்டியில் தெருப் பெருக்குகிறவள்.

"இன்னாடா, சர்க்கார் வக்கீல் நல்லா பேசுனாரா?"

"பேசவே இல்லக்கா. சட்டம் போச்சு."

"அவரு போனா போறாரு. நம்ம மனு இருக்குதில்ல?"

வாபஸ் வாங்கியதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாங்குமுன் அவர்களைக் கேட்கவும் இல்லை. வீட்டுக்குள் போய் மனுவை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படிடா உன் பெட்டியில?"

சொன்னேன்.

"இதுல என்னுது எது?"

கடைசி வரிசையில் காட்டினேன். அந்த ரேகையை மட்டும் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதியை என்னிடமே நீட்டி, "மத்தவங்களும் வந்து அவங்கவங்களுத கேப்பாங்க" என்றுவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.