பி பிரிவில் சின்னவள்

மருந்துக்கடைக்காரியிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. "அந்தச் சின்ன மாத்திரை, மஞ்சளா..." என்று ஒருவர் இழுப்பதற்குள் அட்டை மேசைமேல் வந்து விழுந்துவிடும். "காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி. அடுத்தவங்க வாங்க" என்பாள். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துவிடுகிறவளுக்கு மனிதர்களின் முகத்தைப் படிப்பதா கஷ்டம்? எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பத்து நிமிஷத்தில் கடை காலியாகிவிடும். அவள் லீவு என்று வாயைத் திறந்தாலே முதலாளிக்குப் பாதி உயிர் போய்விடும்.

அப்பேர்ப்பட்டவள், பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்தாள். அவளுடைய இரட்டைப் பெண்கள் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். போன வருஷம் முழுக்க ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை இந்த வருஷம் பிரித்துப் போட்டிருந்தார்கள். பெரியவள் ஏ பிரிவு. அவளுக்குப் பத்து நிமிஷம் கழித்துப் பிறந்த சின்னவள் பி பிரிவு.

பெரியவளைப் பற்றிக் கவலையே இல்லை. அவளை நடுக்காட்டில் விட்டாலும் பேசிப் பேசியே வீடு வந்து சேர்ந்துவிடுவாள். கவலையெல்லாம் சின்னவளைப் பற்றித்தான். வீட்டுக்குள் அருவி மாதிரி கொட்டுகிற பெண், வாசற்படி தாண்டியதும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். தண்ணீர் வேண்டும், பென்சில் உடைந்துவிட்டது, எல்லாவற்றையும் டீச்சரிடம் அவளுக்காகச் சொன்னது பெரியவள். வெளியிடங்களில் சொல்ல அம்மா இருக்கவே இருந்தாள். ஒருமுறை சின்னவளை அவள் சித்தப்பா "ஊமைக்கோட்டான்" என்று கேலி செய்துவிட்டார். மருந்துக்கடைக்காரி பிடித்த பிடியில் மனுஷர் ஆறு மாசம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். மூச்சு விடாமல் பேசினாள். பிரித்துப் போட்டது எப்பேர்ப்பட்ட அநியாயம், குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு, எல்லாம் வந்தது. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒரு வாரம் பார்ப்போம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவளால முடியலேன்னா அக்காகூடவே போட்டுடறேன். ஆனா எந்தப் பக்கம் முடிவானாலும், அப்புறம் வருஷம் பூரா மாத்தமாட்டேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை தனக்குத்தான் ஜெயம் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் பி பிரிவு வாசலில் சின்னவள் கையை விடமாட்டாள் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு ஓர் ஏமாற்றம். பை தோளில் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடி கள்ளி, என்று அம்மாவுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது, ஒரு பக்கம் கோபமாகவும் வந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அன்று சாயந்தரம், "கொஞ்சம் விட்டுத்தான் பாரேன்" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசற அளவுகூட வீட்டுல பேசறதில்ல. உங்க ஜாடைதானே அவ!"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்த வாரம் மருந்துக்கடைக்காரிக்கு வேலையே ஓடவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்குக் கண் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே கிடையாது. அந்த மனுஷர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தாள். தினமும் சாயந்தரம், "இன்னைக்கு கிளாஸ்ல பேசினியா?" என்று கேட்பாள். சின்னவள் இல்லை என்று தலையாட்டுவாள். "பேசாதவளை எப்படிம்மா பேசவைக்கிறது? என் கிளாஸுக்கே அனுப்பிடச் சொல்லு. என் பக்கத்துல உக்காந்திருக்கற பையன் என் ரப்பரைக் கடிக்கிறான்" என்று பெரியவள் புலம்புவாள். சின்னவளின் விரலெல்லாம் சாக்பீஸ் தூள். குழந்தையை அங்கே வேலை வேறு வாங்குகிறார்களா? வெள்ளிக்கிழமை கேட்கவேண்டிய கேள்விகளில் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பெரியவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுச் சின்னவளோடு உள்ளே போனாள். பி பிரிவு டீச்சரும் இருந்தார். பார்த்தால் கல்லூரி மாணவி மாதிரி இருந்தார்.

"வாயைத் திறந்து இன்னும் ஒரு வார்த்தை பேசல. ஆனா..." என்று தொடங்கினார் அந்த டீச்சர்.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வரும் என்று மருந்துக்கடைக்காரி காத்திருக்கவில்லை. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே! பெத்தவளுக்குத் தெரியாதா? வீட்டுல தினம் ராத்திரி அழறா டீச்சர், அக்கா வேணும்னு. சாப்பாடு இறங்கமாட்டேங்குது. பாவம், வாயில்லாப் பூச்சி, யார்கிட்ட போய்ச் சொல்லுவா? அதுவுமில்லாம குழந்தையைப் போர்டு துடைக்க விடறீங்க..."

அழுதது பொய். சாப்பாடு இறங்காததும் பொய். நேற்றுகூட இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பயம் வந்தால் பொய் தன்னால் வந்துவிடுகிறது, என்ன செய்ய?

வெள்ளைக் கோட்டை யாரோ கீழே இழுத்தார்கள்.

"அம்மா, நீ கொஞ்சம் பேசாம இரு."

அறையில் மூன்று பெரியவர்களும் ஒரேயடியாகக் குனிந்து அவளைப் பார்த்தார்கள். சின்னவளுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நான் அழல. போர்டு நானாத்தான் துடைக்கறேன். யார் துடைக்கறீங்கன்னு டீச்சர் கேட்டாங்க, நான் கை தூக்கினேன். எனக்கு பி பிரிவுதான் வேணும்."

"அப்புறம் ஏம்மா பேசல?" என்று தலைமையாசிரியை மெல்லக் கேட்டார்.

சின்னவள் யோசித்தாள். அம்மாவுக்கு நாக்கு நுனிவரை நாலு பதில் வந்து நின்றது. விழுங்கினாள்.

"இன்னும் எல்லாரையும் பார்த்து முடிக்கல. முப்பத்தி ரெண்டு பேர் இருக்காங்க. திங்கக்கிழமை பேசறேன்."

அடேயப்பா! தன் வயிற்றில் பிறந்ததா இது? மருந்துக்கடைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அம்மாவை, அதுவும் ஊரே பயப்படுகிற வாய்க்காரியை, நாலு பேர் நடுவில் அடக்கிவிட்டாளே ஒரு ஏழு வயசுப் பெண்! அவமானமாக இருக்கவேண்டும் நியாயப்படி. இல்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துச் சொல்லவேண்டும் போல் இருந்தது.

"அப்ப பி பிரிவே இருக்கட்டுமா?" என்றார் தலைமையாசிரியை, அவளைப் பார்த்து.

"என்னை ஏன் கேக்கறீங்க டீச்சர்? அவதான் சொல்லிட்டாளே" என்றாள் மருந்துக்கடைக்காரி.

வராந்தாவில் பெரியவள் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். "என்னம்மா ஆச்சு? என் கிளாஸுக்கு வர்றாளா?"

மருந்துக்கடைக்காரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு சின்னவளைப் பார்த்தாள். வராந்தாவில் பிள்ளைகளும் டீச்சர்களும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சின்னவள் போகிறவர்களைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பையின் வாரைச் சரிசெய்தாள். எவ்வளவு நேரம்! கடையாக இருந்தால் இதற்குள் ஆறு பேருக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வரல" என்றாள் சின்னவள். பெரியவளின் முகம் அழுகைக்குப் போவதைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பாட்டு மணி அடிச்சதும் நீ எங்க கிளாஸுக்கு வா. எல்லாரையும் உனக்குக் காட்டறேன்."