நீக்கு என்ற பொத்தான்

ஊடக வகுப்பில் அன்று அவளும் டிரம்மரும் சேர்ந்து பேச வேண்டியிருந்தது. ஒரே இசைப் பத்திரிகையின் அச்சுப் பிரதியையும் இணையப் பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். கல்லூரி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பதால் எல்லோருக்கும் அவன் டிரம்மர்தான். அவளுடைய மடிக்கணினியிலிருந்து அவன் குழுவைப் பற்றிய விமர்சனம் திரையில் பெரிதாக விழுந்தது.

"அச்சுல இல்லாதது இதுல என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"வாசகர் கருத்து, மேடம்" என்று பக்கத்தைக் கீழே நகர்த்தியவள் சட்டென்று நிறுத்தினாள். அந்தத் தளத்தில் தன் கணக்கிலிருந்து வெளியேற மறந்திருந்தாள். 'மொட்டைமாடி' என்ற பெயரில் அவள் எழுதியது அங்கே இருந்தது: "பாட்டு சுமார்தான். டிரம்மருக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன்." அதன் அருகில் 'நீக்கு' என்ற பொத்தான். எழுதியவரின் கணக்கில் மட்டுமே அது தோன்றும்.

"டேய் டிரம்மர், உனக்கும் ஒரு ரசிகையா!" என்று அவள் தோழி கூவ, வகுப்பே சிரித்தது.

"அது என்ன பட்டன்?" மேடம் கண்ணாடியைத் தேடினார். அவள் பக்கத்தை மேலே தள்ளப் பார்த்தாள். பக்கம் நகர மறுத்தது.

டிரம்மர் அச்சுப் பிரதியோடு புரொஜெக்டருக்கு முன்னால் வந்து நின்றான். எழுத்தெல்லாம் அவன் சட்டையில் விழுந்தது. "இதுல வாசகர் கடிதம் ஒரு பக்கம்தான் மேடம். அதுவும் ஆசிரியர் பொறுக்கி எடுத்தது" என்று மூச்சுவிடாமல் பேசினான். அதற்குள் அவள் பக்கத்தை மூடிவிட்டாள்.

இடத்துக்கு வந்ததும் அவன் குனிந்து கேட்டான். "பாட்டு சுமாரா?"

அவள் மடிக்கணினியைப் பைக்குள் திணித்தாள்.

"நீக்கிடாதே. எங்கம்மாவுக்கு அடுத்து என்னைப் பாராட்டினது நீ ஒருத்திதான்."