பற்றிக்கின் வள்ளம் இருந்த பதிப்பு

மாலை ஐந்துக்குக் கொழும்புக் கம்பனிக்காரர் தங்கள் சேர்வரை அடியோடு மூடுகிறார்கள். நான் எழுதிய வள்ளச் செயலியின் நிரல் முழுவதும் அதில்தான் கிடந்தது. அதற்குள் எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு இறக்க வேண்டும். லிங்கநகர் இணைப்போ அறுந்து அறுந்து உயிரை வாங்கியது. ஒருமுறை அறுந்தால் வந்ததும் போச்சு, திரும்ப முதலிலிருந்து. சனியன்!

செயலி சின்னதுதான். கடலுக்குப் போன வள்ளம் கரைக்கு வந்துவிட்டதா என்று வீட்டார் பார்ப்பதற்கு. அதை ஊதிப் பெருக்க வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். திருவிழாவுக்குத் திருவிழா வள்ளத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்து, உடனே எனக்குப் புதுப் படம் அனுப்புவார்கள். நானும் மாற்றுவேன். பழைய படங்கள் எல்லாம் நிரலின் வரலாற்றில், பழைய பதிப்புகளில், அப்படியே கிடக்கும்.

கடைசி நிலையை மட்டும் இறக்குவது கொஞ்ச நேர வேலை. அதைக் காலையிலேயே முடித்துவிட்டேன். செயலி தப்பிவிட்டது. ஆனால் பக்கத்துக் கதிரையில் மக்டலின் அக்கா இருந்தார். போன வருடம் அவருடைய கணவர் பற்றிக் அண்ணா கடலிலிருந்து திரும்பவில்லை. படங்கள் இருந்த கைபேசியும் அவரோடு போய்விட்டது. செயலியில் அவருடைய வள்ளத்துக்குக் கீழே 'இன்னும் வரவில்லை' என்று நாள்தோறும் நின்றது.

"என்னால பார்க்க ஏலாது பிள்ளை, எடுத்துவிடு" என்று அக்காதான் அன்று கேட்டார். அந்த வள்ளத்தையே செயலியிலிருந்து எடுத்தேன். இப்போது அவருக்கு அந்த வள்ளத்தின் படம் வேண்டும். அது வரலாற்றில் மட்டும்தான் இருக்கிறது.

"ஏலாட்டி விடு, சுதர்ஷினி."

"விடுறதோ? நல்ல கதை! பேசாம இருங்கோ அக்கா."

முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால்தானே அறுகிறது? காலையில் இறக்கிய நிலையிலிருந்து பின்னோக்கி, துண்டு துண்டாகக் கேட்டேன். வந்து சேர்ந்த துண்டு என்னுடையது. பிறகு அறுந்தால் அறுந்து தொலையட்டும். அறுந்தது. திரும்பக் கேட்டேன். மீண்டும் அறுந்தது. "வா, வராமல் எங்கே போவாய்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். விட மாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஐந்தாகக் கொஞ்சம் இருக்கும்போது, நான் வள்ளத்தை எடுத்த அந்த நாளின் பதிப்பு வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய நிலைக்குப் போய்ச் செயலியைத் திறந்தேன்.

புது நீலப் பெயின்ற். வள்ளத்தில் கையை வைத்தபடி பற்றிக் அண்ணா.

"பார், சீப்பால தலையும் இழுக்காம நிக்கிறார்" என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

படத்துக்குக் கீழே அந்த வரியும் வந்திருந்தது: இன்னும் வரவில்லை. உடனே செயலியை மூடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"கிடக்கட்டும் பிள்ளை. உள்ளதுதானே."