சேர்த்து அரைத்த மருந்து

1927இல் பினாங்கு சூலியா தெரு மருந்துக் கடையொன்றில் நான் கம்பவுண்டர். முறுக்கிய மீசையும் வெள்ளைக் கோட்டுமாக நின்றால் டாக்டரே வந்து என்னிடம் மருந்து கேட்பார் என்று எனக்கு நினைப்பு.

மார்க்கெட் தெரு மசாலா வியாபாரி ஹபீப் முகம்மதுவின் மகள் சல்மாவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். ரிக்‌ஷாவின் திரை விலகியபோது ஒரே ஒரு முறை அவளைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை, தொண்டை வலி என்று ஹபீப் முகம்மதுவே கடைக்கு வந்தார். மாப்பிள்ளையை எடை போடத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்ததும் மீசையை இன்னொரு முறை முறுக்கிக்கொண்டேன்.

கொப்பளிக்கும் பொடியில் இரண்டு சரக்கு: பொட்டாஷ் உப்பு, மாசிக்காயிலிருந்து எடுக்கும் துவர்ப்புத் தூள். தனித்தனியே அரைத்து, காகிதத்தில் கொட்டி, இறகால் மெல்லக் கலக்க வேண்டும். சேர்த்து வைத்து அழுத்தித் தேய்த்தால் நெருப்பே தேவையில்லை. அந்த அழுத்தத்திலேயே வினை மூண்டு வெடித்துவிடும். தெருவில் போகிறவர்களை நிறுத்திக்கூட இதை விளக்கியவன் நான்.

முதலில் உப்பை மட்டும் மருந்து அரைக்கும் கல்வத்தில் போட்டேன்.

"என்னா தம்பி, ஒண்ணொண்ணா அரைக்கிறே? நம்ம கடையில மல்லி, சீரகம், மொளகு எல்லாம் ஒண்ணாப் போட்டு இடிச்சாத்தான் வாசனை ஏறும்லா!" என்றார் அவர்.

வருங்கால மாமனாரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? "சரிங்க மாமா" என்று தூளையும் கொட்டினேன். அதோடு விட்டேனா? என் புஜபலத்தையும் பார்க்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழவியை ஓங்கி அழுத்தினேன்.

குழவி கூரைக்குப் போனது. கல்வம் சில்லு சில்லானது. என் மீசையில் பாதி கருகியது. நல்லவேளை, அவருக்கு ஒரு கீறலும் இல்லை. தொப்பி மட்டும் வாசலில் போய் விழுந்தது.

அதை எடுத்துத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இப்படி வெடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் ஏன் சேர்த்து அரைச்சே?"

"நீங்கதானே சொன்னீங்க..."

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு எம்மவளுக்கு நோவுன்னா, அப்பவும் யாராச்சும் பெரிய மனுசன் சொல்றதக் கேட்டுத்தான் மருந்து கலப்பியா?"

அவர் மருந்து வாங்காமலே போய்விட்டார்.

சல்மாவுக்கு அந்த ஆண்டே வேறு இடத்தில் நிக்காஹ் நடந்தது. கல்வம் வெடித்ததால்தான் சம்பந்தம் போனது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. விபத்து என்றால் கொஞ்சமாவது மானம் மிஞ்சுகிறது.