கூட்டல் குறி வெட்டிய கல்

முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்தேன். நான் நட்ட கல் தப்பு என்று இதுவரை ஒருத்தனும் நிரூபித்ததில்லை. கோர்ட்டில் என் அளவுப் புத்தகத்தைப் பிரித்தால் வக்கீல்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இதை நான் கல்யாண வீட்டிலும் சொல்வேன், கருமாதியிலும் சொல்வேன். என் மனைவி வள்ளிக்கு மனப்பாடம். நான் ஆரம்பித்தாலே பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் கூடவே சொல்வாள்.

அந்த வள்ளிதான் என்னை ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றினாள்.

"பழைய கோயிலு, சோழர் காலத்து ஏரி, நடுகல்லு எல்லாம் சுத்திக் காட்றாங்களாம். ஆறரைக்கு வேங்கிக்கால்லயே வேன் வருது. நீங்க ஒரே பேப்பர நாலு வாட்டி படிச்சது போதும், கெளம்புங்க."

"பழைய கல்லப் பார்க்க காசு குடுத்துப் போவணுமா? நான் பார்க்காத கல்லா?"

"நீங்க கல்ல அளந்தீங்க. எங்க பார்த்தீங்க?" என்றாள். வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

வேனில் பதினாறு பேர். பாதிப் பேர் சென்னைக்காரர்கள். வழிகாட்டி தேவிப்ரியா அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற டீச்சர். நாற்பது வயசு இருக்கும். வெயிலில் அலைந்து கறுத்த முகம், தோளில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. மாசத்தில் ஒரு ஞாயிறு இப்படி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறாராம். முதல் கோயிலில் கல்வெட்டைக் கையால் தடவித் தடவிப் படித்தார். அடுத்து ஒரு பாழடைந்த மண்டபம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொன்னார். குறை கண்டுபிடிக்கலாம் என்று போன எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாவது இடத்துக்குப் போகும்போதுதான், "இன்னைக்கு நமக்கு ஒரு விசேஷம் இருக்கு" என்றார். "மாடு புடிக்க வந்த கூட்டத்தோட சண்ட போட்டு செத்தவங்களுக்கு ஊர்க்காரங்க கல்லு நட்டாங்க. ஆயிரத்து இருநூறு வருஷம் இருக்கும். அத இன்னைக்கும் வேடியப்பன்னு கும்புடறோம். அப்படி ஒரு கல்லு, தலையில்லாத கல்லு, அத நான் மூணு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன். கல்ல இல்ல, அதோட தலைய."

வேன் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. ஏரிக்கரை வந்தது. மதகு வந்தது. ஊர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்த ஊரின் ஒவ்வொரு வயல் மூலையும் எனக்குத் தெரியும். எண்பத்து நாலில் அதை அளந்தவன் நான்.

வேர்க்கடலைக் கொல்லை ஓரத்தில் ஒரு சிமெண்ட் மேடை, மேலே தகரக் கூரை. நடுவில் சாமி. கையில் வில், இடுப்பில் கத்தி, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. மஞ்சளும் குங்குமமும் பூசி, செவ்வரளி மாலை போட்டிருந்தார்கள். வாசல் வழியாகப் போனால் சாமியின் முதுகுதான் தெரியும். வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த்தான் கும்பிட வேண்டும்.

"வேலியப் பார்த்து நிக்குறாரு, கவனிச்சீங்களா?" என்றார் தேவிப்ரியா. "எதிரிங்க அந்தத் திசையிலேருந்து வந்திருக்கணும். கழுத்து ஒடஞ்ச எடத்துல பாருங்க, கூட்டல் மாதிரி ஒரு குறி. அந்தக் காலத்து வீரர்கள் குழுவோட அடையாளமா இருக்கலாம். வேற எந்த நடுகல்லுலயும் நான் இதப் பார்த்ததில்ல."

பார்த்திருக்க முடியாது. அந்தக் குறியை வெட்டினது நான்.

எல்லைக் கல் நட்டதும் அதன் உச்சியில் கூட்டல் குறி வெட்டுவது எங்கள் வழக்கம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் எல்லை. எண்பத்து நாலில் எனக்கு இருபத்து நாலு வயசு. மறுநாள் காலையில் அதிகாரி சோதனைக்கு வருகிறார், லாரியில் வந்த கற்களில் ஒன்று குறைகிறது. அளவுச் சங்கிலி பிடிக்கிற இராமலிங்கம், மதகுக்கிட்ட ஒரு பலகைக் கல் கிடக்கிறது என்றான். போய்ப் பார்த்தால் ஆளுயரக் கல். வண்டியில் ஏறாது. வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்து அடித்துப் பிளக்கச் சொன்னேன். பிளந்தான். சரியாகக் கழுத்தில் பிளந்தது. தலைத்துண்டை அங்கேயே விட்டுவிட்டு அடிப்பாகத்தை வண்டியில் ஏற்றினோம். கல்லில் உருவம் இருந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். பார்த்தேன். அதிகாரி கண்ணில் படக் கூடாது என்று உருவம் இருந்த பக்கத்தை முள்வேலிப் பக்கமாகத் திருப்பி நட்டேன். அதிகாரி வந்தார், கற்களை எண்ணினார், கையெழுத்துப் போட்டார். நான் அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். இராமலிங்கம் செத்துப் பத்து வருஷம் ஆகிறது.

இப்போது நான் நட்ட எல்லைக் கல்லுக்கு ஒருத்தர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். மணியம்மாள் என்று பெயர். கொல்லைக்காரர், பூசையும் அவர்தான். அறுபதை ஒட்டிய வயசு.

"நான் எண்பத்தஞ்சுல கல்யாணமாயி வந்தேன். அதுக்குக் கொஞ்சம் முன்னதான் எங்க மாமனாரு முள்ளு வெட்டும்போது அய்யா கண்ணுல பட்டாரு. தானா பூமியிலேருந்து வந்தவரு" என்று எங்கள் கூட்டத்துக்குச் சொன்னார். "தெனமும் தண்ணி ஊத்தறேன். மூஞ்சிதான் இல்ல. பொட்டு வெக்க நெத்தி இல்லாம கழுத்துல வெக்கறேன்."

விசேஷம் என்னவென்று அப்புறம்தான் புரிந்தது. மேடை கட்டும்போது சுற்றிக் கிடந்த கல்லையெல்லாம் உள்ளே போட்டுத்தான் நிரப்பினார்களாம். அதனால் தலைத்துண்டு மேடைக்குள்தான் இருக்கும், எழுத்தும் அதில்தான் இருக்கும் என்பது தேவிப்ரியாவின் கணக்கு. கணக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஊரைக் கேட்டுக் கேட்டு, ஆறு மாசம் கழித்துச் சம்மதம் வாங்கியிருக்கிறார். நேற்றுச் சாமியிடம் பூ கேட்டார்கள். வலப்பக்கம் விழுந்ததாம், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மணியம்மாளின் மகன் சுரேஷ்குமார் கடப்பாரையோடு தயாராக நின்றான்.

"டீச்சர், மறுபடியும் சொல்றேன்" என்றான். "எங்கம்மா சொன்னதால ஒடைக்கறேன். உள்ள ஒண்ணுமில்லன்னு வெச்சுக்கோங்க, சாமி மேடைய சும்மா ஒடச்ச பழி எங்களுக்கு. அப்புறம் நீங்க இந்த ஊர்ப்பக்கமே வரக் கூடாது."

"வரமாட்டேம்பா" என்றார் தேவிப்ரியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒலிபெருக்கியை அணைத்துத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார்.

உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன். பேசாமல் இருந்தால் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். பேசினால் முப்பத்தாறு வருஷப் பெருமை கொல்லையோடு போச்சு. ஊமை கண்ட கனவு மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் குத்தில் சிமெண்ட் தெறித்தது. இரண்டாவது குத்தில் மேடை ஓரம் விரிசல் விட்டது. தேவிப்ரியா விரிசலுக்குள் குனிந்து பார்த்தார். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துப்பா" என்று எழுந்தேன். "உள்ள எதுவும் இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள்.

"இந்தக் கல்ல இங்க நட்டது நான். எண்பத்து நாலுல சர்வேக்கு வந்தப்ப கல்லு கம்மியாச்சு. மதகுகிட்டேருந்து எடுத்துட்டு வந்தேன். அந்தக் கூட்டல் குறி நான் வெட்டினது."

சுரேஷ்குமார் கடப்பாரையை ஓங்கிப் பிடித்தபடியே என்னிடம் வந்தான். "இன்னா சார் சொல்றீங்க? எங்க சாமி சர்வே கல்லா?"

"இங்கேருந்து அந்தக் கெணத்து வடக்கு மூலைக்கு அறுபத்திரண்டு மீட்டர் நாப்பது. அளந்து பாரு."

சென்னைப் பையன் ஒருத்தன் பையிலிருந்து டேப்பை எடுத்தான். இந்தக் காலத்தில் எதற்கும் டேப் வைத்திருக்கிறார்கள். அளந்தார்கள். அறுபத்திரண்டு நாற்பது. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை தலைதூக்கியது. புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

தேவிப்ரியாவுக்கு அவமானப்படக்கூட நேரமில்லை. "அப்ப தலை?" என்றார்.

"மதகுகிட்ட இருக்கலாம்."

"நீங்க எடுத்தப்பவே ஒடஞ்சிருந்துதா?"

பதினாறு பேரும் ஊர்க்காரர்களும் என் வாயையே பார்த்தார்கள். "ஆமா" என்றேன். "ஒடஞ்சுதான் கெடந்துச்சு." வள்ளி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினவளிடம் பொய் செல்லாது.

மணியம்மாள் வேலியைச் சுற்றிக்கொண்டு சாமிக்கு முன்னால் போனார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அய்யா பூ குடுத்தது மேடைய ஒடைக்க இல்ல போல. இவரு வாயத் தொறக்கத்தான்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, "நடங்க சார், எடத்தக் காட்டுங்க" என்றார்.

கரைமேல் எல்லாரும் நடந்தோம். ஏரியில் பாதித் தண்ணீர். மதகுக்குக் கீழே நான் காட்டின இடத்தில் ஒரு கல் கிடந்தது. ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற கல். மேற்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. சுரேஷ்குமாரும் இன்னும் நாலு பேரும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். கல் சேற்றிலிருந்து சப்பென்று பெயர்ந்து புரண்டது.

தேவிப்ரியா குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி ஊற்றினார். சேறு வழிய வழிய எழுத்து வந்தது. அதற்குக் கீழே முகம் வந்தது. நாற்பது வருஷம் கவிழ்ந்து கிடந்ததால் ஒரு தேய்மானமும் இல்லை. பக்கவாட்டில் கொண்டை, நீளமான காது, லேசாகத் திறந்த உதடு.

"தொறு மீட்டுப் பட்டான்" என்று விரலை வைத்து மெதுவாகப் படித்தார் டீச்சர். "மாட்டு மந்தைய மீட்டுக் குடுத்துட்டு செத்தான். பேரு… காடன் மகன் சாத்தன்." அழுதார், சிரித்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குச் செருப்படிபோல் விழுந்தது.

மணியம்மாள் சேற்றில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மீசகூட மொளைக்கலியே" என்றார். "அய்யா, அய்யான்னு கூப்ட்டுட்டு இருந்தேன் இத்தினி வருஷமா. புள்ளடா இது. எங்க சுரேஷவிட சின்னப் புள்ள."

முந்தானையால் அந்த உதட்டில் இருந்த சேற்றைத் துடைத்தார்.

தேவிப்ரியா உடைந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. "இதென்ன, வரிசையா குழி? ஆப்பு வெச்ச குழி மாதிரி இருக்கே. இது தானா ஒடஞ்சதில்ல. யாரோ வேணும்னே பொளந்திருக்காங்க. எந்தப் பாவி…" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வள்ளி என் பக்கத்தில் வந்து நின்றாள். "சொல்லிடுங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நான்தான்" என்றேன். "முழுசாத்தான் இருந்துச்சு. வண்டியில ஏறல. ரெண்டாக்கச் சொன்னது நான். உருவம் தெரிஞ்சேதான் சொன்னேன்."

சுரேஷ்குமார் ஒரு அடி முன்னால் வைத்தான். மணியம்மாள் கையை நீட்டி அவனைத் தடுத்தார். நான் அவரைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். இந்த வார்த்தையை நான் மேலதிகாரியிடம் சொன்னதில்லை, வள்ளியிடமும் சொன்னதில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?" என்றார். "வலிச்சது அவனுக்கு. அவங்கிட்ட சொல்லுங்க."

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முட்டி மடக்கி உட்காருவது எனக்கு இப்போதெல்லாம் முடிகிற காரியமில்லை. வள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தேன். கல்லில் இருந்த முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த வயசுகூட அவனுக்கு இருக்காது. சுற்றி அத்தனை பேர் நிற்பது மறந்துபோயிற்று.

"சாத்தா" என்றேன். "ஒன் கழுத்த ஒடைக்கச் சொன்னவன் நான்தாம்பா. பேரு அப்பாதுரை."

அழுதேன். வாய்விட்டே அழுதேன்.

அழுது முடிக்கும்வரை மணியம்மாள் காத்திருந்தார். பிறகு எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "டிராக்டர எட்தாடா சுரேஷு" என்றார். "புள்ளய ஊட்டுக்குக் கொண்டு போவலாம். சாரும் ஒரு கை புடிப்பாரு."