ஜன்னல்வரை வந்த படகு

1966 நவம்பர் 15, செவ்வாய். நேற்று வகுப்பில் வாசித்த பக்கத்தில் ஒரு தவறு. நாற்பத்தேழாம் வருஷத்து வெள்ளம் எங்கள் படுக்கையறை ஜன்னல்வரை வந்தது என்று எழுதியிருந்தேன். அளந்து பார்க்காமல் எழுதியது. இன்று காலை அளந்தேன். வரவில்லை.

தெல்மா பெய்லிஸ் பேனாவை மூடினாள். பிறகு திறந்து, 'வரவில்லை' என்பதற்கு முன்னால் 'அவ்வளவு உயரம்' என்று சேர்த்தாள். சேர்த்தது தேவையா என்று சற்று யோசித்தாள். விதைக் கம்பெனி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னலுக்கு வெளியே செவர்ன் ஆறு, மழை கரைத்துவிட்ட மண்ணோடு, எங்கே போகிறோம் என்ற கவலையே இல்லாததுபோல நகர்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலைகளில் ஹாம்போர்ட் நூலகத்து மாடியில் ஊர் வரலாற்று வகுப்பு நடக்கும். வகுப்பில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தங்கள் சிறுவயது ஞாபகத்தை எழுதித் தரவேண்டும். அதைத் தொகுத்துச் சின்னப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். தெல்மாவிடம் எழுதுவதற்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். கட்டில்காலின் பித்தளைக் குமிழ் கன்னத்தில் சில்லென்று படுகிறது. அப்பா அவளைப் போர்வையோடு தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எடுக்கிறார். வெளியே தெரு இல்லை. தெரு இருந்த இடத்தில் வானம் படுத்திருக்கிறது. அதன்மேல் ஒரு படகு. யாரோ ஒருவருடைய ரொட்டி தனியாக மிதந்து போகிறது, அன்னங்கள் அதன் பின்னாலேயே போகின்றன. அப்பாவின் பழுப்புக் கோட்டு முதுகு முன்னும் பின்னும் அசைந்து அசைந்து துடுப்புப் போடுகிறது. அந்தக் கோடையிலேயே அப்பா நெஞ்சு நோயில் இறந்துபோனார். அவரைப் பற்றி அவளுக்கு வேறு எதுவுமே ஞாபகமில்லை.

அவள் வாசித்து முடித்ததும் மிஸஸ் பார்ஜட்டர் பின்னல் ஊசியை மடியில் வைத்தார்.

"படுக்கையறை ஜன்னல்வரையா? அப்படின்னா எங்க வீட்ல எல்லாரும் மீனாத்தான் இருந்திருக்கணும், கண்ணு. நாங்க மாடிப்படியில உக்காந்து சீட்டாடிகிட்டிருந்தோம்."

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் டன்ஸ்டன் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "கல்லை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றார்.

ஹாம்போர்டில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். 'ஸ்வான்' பப்பின் மூலைக்கல்லில், ஒவ்வொரு பெரிய வெள்ளம் வடிந்ததும் அது தொட்ட இடத்தில் கோடு வெட்டி வருஷத்தைப் பொறிப்பார்கள். எந்த வெள்ளம் பெரிது என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தால் இருவரும் கிளாஸும் கையுமாக வெளியே வந்து கல்லோடு முதுகை ஒட்டி நிற்பார்கள். தோற்றவர் அடுத்த சுற்றுக்குக் காசு கொடுக்கவேண்டும். கல்லை மீறி யாரும் பேசியதில்லை.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் தெல்மா அந்தக் கல்லோடு நின்று பார்த்தாள். நாற்பத்தேழின் கோடு அவள் இடுப்புக்கு வந்தது. பப்பும் அவர்களுடைய பழைய வீடும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. அளவு நாடாவால் அதையும் உறுதிசெய்துகொண்டாள். வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நீர் கீழ்ஜன்னலின் விளிம்பைத்தான் தொட்டிருக்கும். படுக்கையறை ஜன்னல் எங்கோ மேலே, கூரையின் நிழலில் இருந்தது.

படகு பொய் என்றால் போர்வை? போர்வை பொய் என்றால் அந்தக் கைகள்? ரசீதுகளை வரிசைப்படுத்தும்போதெல்லாம் அவளுக்கு இதே நினைப்பு. பக்கத்தைத் திரும்ப வாங்கிவிடுவதுதான் நேர்மை என்று மூன்று மணி வாக்கில் முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அப்பாவே இல்லாததுபோல இருந்தது.

மாலைத் தேநீருக்கு அம்மா எட்னா ரொட்டியைக் கணப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டாவதாக மணந்துகொண்ட ஹொரேஸ், சரளை அள்ளும் படகில் வேலை முடிந்து வந்து, காலுறையோடு காலை நெருப்புக்கு நேராக நீட்டியிருந்தார்.

"காலைல ஸ்வான் சுவத்தைக் கட்டிப்பிடிச்சுகிட்டு நின்னியாமே" என்றார் ஹொரேஸ். "காலங்காத்தாலயே குடிச்சிருக்கான்னு நெனச்சானாம் பால்காரன்."

"வெள்ளத்தை அளந்தேன்." தெல்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் எழுதினது தப்பு. படுக்கையறை ஜன்னலுக்குப் படகே வந்திருக்க முடியாது. அந்தப் பக்கத்தைத் திருப்பி வாங்கிடப் போறேன்."

அம்மா ரொட்டியைத் திருப்பினாள். வெள்ளம் வந்த அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை.

"படுக்கையறையில யாரு படுத்தா?" என்றாள் அம்மா.

"நான்தான். கட்டில் ஞாபகமிருக்கே."

"கட்டில் இருந்தது அடுப்பங்கரையில. அந்த வருஷம் கரி ஏது? மாடியில தண்ணிக் கூஜாவே உறைஞ்சு வெடிச்சுப் போச்சு. உங்கப்பாதான் கட்டிலைக் கழட்டி, கீழ கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்துல போட்டாரு. மார்ச் வரைக்கும் மூணு பேரும் அதுலதான் சுருண்டு கெடந்தோம். ஊர்ல பாதி வீட்ல அப்படித்தான்."

தெல்மாவின் நினைவில் கட்டில் மெதுவாக மாடியிலிருந்து இறங்கி, மிதந்து, அடுப்பங்கரை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பித்தளைக் குமிழில் நெருப்பு தெரிந்தது.

"அப்போ அப்பா என்னைத் தூக்கினது நெசம்."

"நெசம்தான். ஜன்னலுக்கு வெளிய இடுப்பளவு தண்ணியில நின்னுகிட்டுத் தூக்கினாரு. வேணாம்னு நான் கத்தினேன், கேக்கல." அம்மா ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள். "இருமல் அன்னிக்குத்தான் புடிச்சுது."

"அப்புறம் படகுல ஏறிகிட்டாரு. துடுப்புப் போட்டாரு."

ஹொரேஸ் காலை இழுத்துக்கொண்டார்.

"எங்க ஏறுறது?" என்றார். "படகு முழுக்க நீ, உங்கம்மா, பக்கத்து வீட்டு மிஸஸ் டாலி, அவங்க கோழிக்கூடு. அந்தம்மா கோழியை விட்டுட்டு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். உங்கப்பா தண்ணியிலயே நடந்து வந்தாரு, பின்னாடி கைவெச்சுத் தள்ளிகிட்டு."

"துடுப்பு?"

"நான்தான் போட்டேன், தெல்மா."

அவள் அவரைப் பார்த்தாள். ஹொரேஸ் கரி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகை அவள் இத்தனை வருஷமாகத் தூங்குமுன் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அது திரும்பி முகம் காட்டாதா என்று ஏங்கியிருக்கிறாள். தினமும் அதே முதுகு எதிர்நாற்காலியிலிருந்து எழுந்து கரி எடுக்கப் போயிருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"ஸ்கூல் விட்டு வந்ததும் 'எங்கப்பா படகு ஓட்டினாரு'ன்னு தெருவெல்லாம் சொல்லிகிட்டிருப்ப. நான் போய் அவர் கையிலேர்ந்து துடுப்பைப் புடுங்கணுமாக்கும்." பிறகு காதைத் தடவிக்கொண்டே, "போதாக்குறைக்கு அன்னிக்குப் படகுல என் காதைக் கடிச்சு வெச்ச" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். தெல்மாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. அம்மா வெண்ணெய் தடவிய ரொட்டியை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். ஆறவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

அவள் மனதுக்குள் ஏதோ ஒரு வெளிச்சத்தில் படகு போய்க்கொண்டிருந்தது. முதுகு இப்போது ஹொரேஸுடையது. அவள் அந்தப் படகில் முதன்முறையாகத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். மரவிளிம்பின்மேல் இரண்டு கைகள் நீரில் நனைந்து சிவந்து இருந்தன. இது ஞாபகமா, இப்போது கேட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இதைப் பக்கத்தில் எழுதுவதானால் அம்மா சொன்னது, ஹொரேஸ் சொன்னது என்று பிரித்துக் காட்டவேண்டும்.

பாத்திரங்களைத் துடைத்து வைத்துவிட்டு மேசைக்கு வந்து, மதியம் எழுதிய குறிப்புக்குக் கீழே எழுதினாள்:

நாளை, புதன். டன்ஸ்டனிடமிருந்து பக்கத்தை வாங்கி, 'படுக்கையறை' என்பதை 'அடுப்பங்கரை' என்று திருத்த வேண்டும். துடுப்புப் போட்டவர் ஹொரேஸ் என்று சேர்க்கவேண்டும். பெயரைப் போட அவருக்குச் சம்மதமா என்று காலையில் வேலைக்குப் போகும் முன் கேட்கவேண்டும்.