நான் கூட்டிப்போன கூட்டம்

என் தம்பி நகரச் சுகாதாரத் துறையில் திட்ட அதிகாரி. இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சை ஆரம்பித்ததில்லை. தைக்கத் துணி கொண்டுவருகிறவர்கள் அளவு சொல்வதற்குள் அவன் பதவி, அவன் அறையில் இருக்கும் ஏசி, எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பேன். "சட்டைக்குக் காலர் வைக்கிறதுக்கு முன்னாடி தம்பியை வெச்சுடுவா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டுமே, எனக்கென்ன என்றிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவன் போன் செய்தான். பெரியாஸ்பத்திரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். கடன் கொடுக்கிற வங்கி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறதாம். ஒவ்வொரு பகுதியிலும் மக்களைக் கூட்டி, திட்டத்தை விளக்கி, சம்மதம் வாங்கினால்தான் பணம் வரும்.

"உங்க ஏரியாவுல ஆளே வர மாட்டாங்களோன்னு பயமா இருக்குக்கா. நாற்காலி காலியா கெடந்தா என் மானம் போயிடும்."

"நான் எதுக்குடா இருக்கேன்? தெருவையே கொண்டுவந்து இறக்குறேன் பாரு."

இறக்கினேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். டீ உண்டு, பிஸ்கட் உண்டு, வராதவர்கள் துணி இனிமேல் என் மெஷினில் ஏறாது என்று மிரட்டினேன். எதிரே இருக்கும் லாண்டரிக்காரர்தான் கடையைப் பூட்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். "ஊருக்கே ஆஸ்பத்திரி கட்டுறாங்க, உனக்கு இஸ்திரிதான் பெருசாப் போச்சாப்பா?" என்று ஒரு பிடி பிடித்தேன். மனிதர் ஷட்டரை இழுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். அவளையும் நான் விடவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. இடது பாதத்தில் ஒரு புண், ஆறுவேனா என்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தெருமுனையில் இருக்கும் நகராட்சிக் கிளினிக்கில் கழுவிக் கட்டுப்போட்டாக வேண்டும். பத்து வீடு தாண்டினால் கிளினிக், என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். அவரையும் அந்தக் கட்டோடு கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தேன்.

மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் புது ஆஸ்பத்திரியின் மாதிரி வைத்திருந்தார்கள். குட்டிக் குட்டி மரங்கள், குட்டி ஆம்புலன்ஸ். என் தம்பி மைக்கைப் பிடித்து ஒவ்வொரு மாடியாகச் சொல்லிக்கொண்டு போனான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளை இடித்து "பேசுறது யாரு தெரியும்ல?" என்றேன். தெரியாமல் என்ன, தெருவுக்கே தெரியும்.

கடைசியில் தலைமை தாங்கிய அம்மா, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். லாண்டரிக்காரர் எழுந்தார்.

"சார், பெரியாஸ்பத்திரி வரட்டும், நல்லது. எங்க தெருமுனைக் கிளினிக் அப்படியே இருக்கும்தானே?"

என் தம்பி தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தான். அவன் குடித்து முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியிலேயே திரும்பினேன்.

"ஏம்ப்பா, என் கூடப் பொறந்தவன் அங்க நிக்கிறான். அவன் இருக்கும்போது நம்ம கிளினிக்குக்கு என்ன கேடு வந்துடும்? வந்த இடத்துல வம்பு பண்ணாம உட்காரு."

மண்டபமே சிரித்தது. லாண்டரிக்காரரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் தம்பி பாட்டிலை மூடிவிட்டு, "முழுத் திட்டத்துக்கும் சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றான். தூக்கினோம். தூக்காதவர்களை நான் முறைத்தேன், அவர்களும் தூக்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். பிஸ்கட் நன்றாகவே இருந்தது.

மறுநாள் கட்டு மாற்றப் போனோம். கிளினிக் பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் எங்கள் தெரு. கட்டுப்போடுகிற சிஸ்டர் எப்போதும் வாயடிப்பவர், அன்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"என்ன சிஸ்டர், நேத்து நீங்க வரலையே? என் தம்பி பேச்சைக் கேட்டிருக்கணும் நீங்க."

அவர் பஞ்சைக் கீழே போட்டார். "கேட்டு என்னம்மா பண்றது? சாமான்களை மூட்டை கட்டச் சொல்லி இன்னைக்கு ஆர்டர் வந்தாச்சு. இந்த இடத்தை வித்துத்தான் அங்க கட்டடத்துக்கு மிச்சப் பணம் போடுறாங்க. இதோட சேர்த்து ஆறு கிளினிக். எல்லாம் அந்தத் திட்டத்துல இருக்கு. நீங்கதான் கையைத் தூக்கினீங்களாமே."

பெஞ்சு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. சிஸ்டர் கட்டுப்போட்டு முடிக்கும்வரை நான் என் வீட்டுக்காரரின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு நேராகத் தம்பியின் ஆபீசுக்குப் போனேன். அந்த ஏசி அறையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேஜை முழுக்கச் சுருட்டிய வரைபடங்கள்.

"என்னடா இது? தெரிஞ்சேதானே என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டே?"

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "அக்கா, கத்தாத. பெரியாஸ்பத்திரியில மேற்கூரை பேந்து கட்டில்ல விழுது. பிரசவ வார்டுல குடை பிடிக்கிறாங்க. வங்கி கொடுக்குறது முக்கால்வாசிதான், மீதியை ஊரே புரட்டணும். எங்க போய்ப் புரட்டுறது? இருக்குற நிலம் அந்தக் கிளினிக் நிலம்தான். எனக்கு மட்டும் ஆசையா?"

"அதை மைக்குல சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் போனேன். அந்த ஆள் கேட்டாரு, நான் வாயைத் திறக்குறதுக்குள்ள நீ உட்காரவெச்சுட்ட."

என் முகத்தில் ஈயாடவில்லை. அவன் சொன்னது பொய்யா மெய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீரை அவ்வளவு நேரம் எதற்குக் குடித்தான்? ஆனாலும் அந்த மனிதரை உட்காரவைத்தது நான்தானே.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாமாவைப் பத்திக் கவலைப்படாத. ஆபீஸ் வண்டி ஒண்ணு அனுப்புறேன். வீட்டு வாசல்ல ஏத்திட்டு வாசல்ல இறக்கிடும்."

"தெருவுக்கே வண்டி விடுவியா?"

அவன் மேஜைமேல் இருந்த வரைபடங்களை அடுக்க ஆரம்பித்தான்.

"உன் வண்டியை நீயே வெச்சுக்கோ" என்று கதவை அறைந்துவிட்டு வந்தேன். வீறாப்பு என்றால் அப்படியொரு வீறாப்பு.

அந்த மாத முடிவில் கிளினிக்கைப் பூட்டினார்கள். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கி ஏற வேண்டும், கட்டட வேலைக்காகத் தகரம் அடைத்த இடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்கு நடக்க வேண்டும். கட்டு முழுக்க மண்ணும் ஈரமும். என் வீட்டுக்காரர் முதலில், "பரவாயில்ல, ஊர் சுத்திப் பாக்குற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. சில நாள் போகவேயில்லை. பாதம் வீங்கிக் கறுத்தது. அங்கிருந்த டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இனிமே ஒரு கட்டு தவறினாலும் பாதத்தையே எடுக்க வேண்டி வரும்மா."

அன்று மாலையே வாலைச் சுருட்டிக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தேன்.

"வண்டி அனுப்புடா" என்றேன். அவன் எதையும் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளைக் கார் காலையில் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கியதும் என் காதோடு சொன்னார்: "உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரும்மா. வெளிய தெரிஞ்சா வண்டியையே நிறுத்திடுவாங்க."

என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகப் படி இறக்கத் திணறினேன். லாண்டரிக்காரர் ஓடிவந்து மறுபக்கம் தோள் கொடுத்தார். முன்சீட்டில் உட்காரவைத்து, கடையிலிருந்து ஒரு போர்வையை எடுத்துவந்து மடித்துப் பாதத்துக்குக் கீழே வைத்தார்.

"போயிட்டு வாங்கக்கா. அண்ணனுக்காவது வண்டி கெடைச்சுதே" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதில் குத்தல் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

அவர் மனைவி கையில் பையோடு கடை வாசலில் நின்றாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது.

"இவளுக்கும் இன்னைக்குத்தான் செக்கப்" என்றார் அவர். "எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் உண்டு. கூட்டமா இருக்கும், பரவாயில்ல, நின்னுட்டே போயிடுவா."

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது டிரைவர் மேல் பழியைப் போட்டிருப்பேன். பின்சீட்டில் நான் ஒருத்திதான். பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். 'ஏறும்மா' என்று ஒரு சொல், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து திரும்பி என்னையே பார்த்தார்.

நான் சீட்டுக்கு நடுவே எட்டி அவர் பாதத்தைப் பார்த்தேன். பிறகு டிரைவரிடம், "கண்ணாடியை ஏத்திட்டுக் கெளம்புப்பா" என்றேன்.